கையால் கதைத்த அழைப்பு

வேலையிலிருந்து ஓய்வு பெற்று புத்தூரில் வீட்டோடு இருக்கிறேன் என்றாலும், நான் வேலை செய்த சுன்னாகத்துக் கணினிக் கடையிலிருந்து அழைப்பு வராத கிழமை இல்லை. இந்த முறை கேட்டது திருத்த வேலை அல்ல. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமாம். எதைச் சொல்வது என்று இரண்டு மூன்று நாளாக யோசித்தேன். ரவுட்டரை அணைத்துத் திரும்பப் போடுவதையும், கம்பியைக் கழற்றிப் பூட்டுவதையும், எந்தப் பக்கத்தில் எதை அழுத்துவது என்பதையும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் படித்த முறைகள் பாதி இப்போது செல்லாது. ஆகவே ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு இந்தத் தொழிலை நான் பார்த்த விதமே வேறு.

தொண்டைமானாற்றில் ஒரு வீடு. கடல்நீரேரி கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட. ஒரு முற்பகல் அந்த வீட்டு மகள் வதனி கடைக்கு அழைத்தாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். கணினியில் வீடியோ அழைப்புச் செயலி வேலை செய்யவில்லை, ‘இணைய இணைப்பில் பிழை, உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றாள். பின்னேரம் வரலாமா என்று கேட்டேன். அப்பாவை இதய சத்திரசிகிச்சைக்கு ஏற்றிப் போக வான் வண்டி வந்து நிற்கிறது என்றும், நோர்வேயில் இருக்கும் மகனோடு கதைக்காமல் வானில் ஏறமாட்டேன் என்று அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்றும் சொன்னாள்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

வழி முழுவதும் ஒரு கேள்வி எனக்குள் இருந்தது. கதைப்பதற்குத் தொலைபேசி போதுமே? சாதாரணமாக ஒரு நம்பரை அழுத்தினால் நோர்வேயில் மணி அடிக்கும். எதற்காகக் கணினி? நான் தொழில் தொடங்கிய காலத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர், எந்த வீட்டுக்குப் போனாலும் கருவியில் கைவைக்க முன்னர் “ஆரோடை கதைக்கப் போறியள்?” என்று கேட்பார். ஊர்க்கதை கேட்கிறார் என்று நாங்கள் ஒளித்துச் சிரிப்போம். அன்று வாசலில் இறங்கியதும் அந்த மகனைப் பற்றி நானும் கேட்டேன்.

வதனி சொன்னாள். அவளுடைய அண்ணன் ரூபன் பிறவியிலேயே காது கேளாதவன். வாய்ப் பேச்சும் இல்லை. அவனுக்குத் தொலைபேசியில் குரல் என்பது ஒன்றுமே இல்லை. எழுத்தில் செய்தி அனுப்பலாம், ஆனால் தகப்பன் சோதிலிங்கம் அதிகம் எழுதப் படிக்கப் பழகாதவர். இருவரும் கையால்தான் கதைப்பார்கள். தகப்பனுக்குக் கண்புரை இருப்பதால் கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் மகனுடைய கை அவருக்குத் தெரியாது. அதற்காகவே ரூபன் காசு அனுப்பி அகலமான திரையோடு இந்தக் கணினியை வாங்கிக் கொடுத்திருந்தான்.

அந்தக் கைப்பேச்சை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை என்றும் அவள் சொன்னாள். கடலில் வள்ளத்து எஞ்சின் சத்தத்தில் காது கேட்கிறவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். வலையை விடு, பிடி, நீரோட்டம் மாறுது, கரைக்குத் திரும்பு. ரூபன் தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கியபோது அந்தக் கைக்காட்டல்களைப் பிடித்துக்கொண்டான். பிறகு இருவருமாக அதை வளர்த்தார்கள். கரையில் எல்லோரும் அவனை ஒரு குறையுள்ள பிள்ளையாகப் பார்த்தார்கள். கடலில் எல்லோரும் அவனைப் போலத்தான் இருந்தார்கள்.

உள்ளே போனேன். சோதிலிங்கம் அண்ணை கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். வெயிலில் கறுத்த பெரிய உடம்பு, ஆனால் மூச்சு மேலேயே நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். மனைவி பக்கத்தில் ஒரு பையோடு நின்றார். வான்காரர் வாசலில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதிக்க வேண்டிய நேரம் தவறினால் சத்திரசிகிச்சை இன்னொரு நாளுக்குப் போய்விடும், அவருடைய இதயம் அந்த இன்னொரு நாள் வரை தாங்குமா என்று வைத்தியர்கள் உறுதி சொல்லவில்லை.

வழக்கமான எல்லாவற்றையும் பார்த்தேன். இணையம் இருந்தது. செய்தித் தளம் ஒன்று மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து திறந்தது. செயலி மட்டும் அதே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அடுத்ததாக உங்கள் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. செயலியை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. திரையில் சுட்டியின் அம்பை அந்த இடத்துக்குக் கொண்டுபோயும் விட்டேன்.

வதனி என் தோளுக்குப் பின்னால் நின்று, “திருப்பி ஏத்தினால் பழையபடி உள்ளை போகேலுமோ ஐயா? கடவுச்சொல் அண்ணாதான் போட்டவர். எங்களுக்குத் தெரியாது” என்றாள்.

கையை எடுத்துவிட்டேன். வான் வாசலில் நிற்கும்போது, திரும்பி வர வழி தெரியாத எதையும் செய்யக்கூடாது. இதை நான் அன்று கண்டுபிடிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவசரத்தில் கை தானாகப் போகிறது. அன்று அந்தப் பிள்ளையின் கேள்வி என் கையைப் பிடித்தது.

எழுந்து ரவுட்டருக்குக் கிட்டப் போய்ச் சும்மா நின்று பார்த்தேன். வீட்டில் யாரும் எதையும் செய்யவில்லை. கணினி அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் ரவுட்டரின் விளக்கு மூச்சுவிடாமல் சிமிட்டியது. இந்த வீட்டிலிருந்து ஏதோ ஒன்று இடைவிடாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. வீடுகளுக்குக் கொடுக்கும் இணைப்பில் உள்ளே வரும் பாதை அகலம், வெளியே போகும் பாதை ஒடுக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒடுக்கமான பாதை நிரம்பிவிட்டால் ‘அழைப்பை இணை’ என்று கேட்கும் ஒரு சின்னச் சொல்லுக்கும் இடம் கிடைக்காது. செயலி அதைத்தான் இணைப்பில் பிழை என்று சொல்லியது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“வீட்டிலை கமரா பூட்டியிருக்கிறியளோ?” என்று கேட்டேன்.

பூட்டியிருந்தார்கள். முற்றத்தில், விறாந்தையில், இந்த அறையின் மூலையில், கணினிக்கு மேலே. எல்லாம் ரூபன் வாங்கிக் கொடுத்தவை. நிமிர்ந்து பார்த்தேன். மூலையில் இருந்த கமரா சோதிலிங்கம் அண்ணையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நடந்துகொண்டிருப்பது எனக்கு விளங்கியது. தகப்பனுக்குச் சுகமில்லை என்று அறிந்ததிலிருந்து ரூபன் தன் தொலைபேசியில் அந்தக் கமராக்களைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறான். அங்கே மீன் வெட்டும் வேலைக்கும் போகவில்லை என்று வதனி சொன்னாள். ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, மேசையில் கணினியில் அழைப்புக்காகக் காத்திருக்கிறான். இந்த வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை முழுவதையும் அவனுடைய கண்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனோடு கதைக்க முடியவில்லை.

நான் இதைச் சொன்னதும் சோதிலிங்கம் அண்ணை நிமிர்ந்து அந்தக் கமராவைப் பார்த்தார். பிறகு மூச்சைப் பிடித்துப் பிடித்துச் சொன்னார்.

“அவன் என்னைப் பாக்கிறான் தம்பி. நான் அவனைப் பாக்கவேணும்.”

வதனி தன் தொலைபேசியில், கமராவை மூடு, அப்போதுதான் அழைப்பு வரும் என்று அண்ணனுக்கு, வீட்டு இணையம் தேவைப்படாத குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பினாள். பதில் உடனே வந்தது. அவள் அதை எனக்குக் காட்டினாள். மூடமாட்டேன், மூடினபிறகு அழைப்பும் வராவிட்டால் என்ன செய்வேன் என்று எழுதியிருந்தான். இன்னொரு முறை அனுப்பினாள். பதில் இல்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கமராக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதன் பிளக்கை இழுத்தால் பாதை திறந்துவிடும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வான்காரர் இரண்டாம் தரமும் எட்டிப் பார்த்துவிட்டார். என் விரல் அந்தப் பிளக்கில் இருந்தது. ஆனால் நான் இழுக்கிற கணத்தில் உலகத்தின் மறு பக்கத்தில் ஒருவனுடைய கையில் தகப்பனின் படம் கறுத்துப்போகும். வதனியின் செய்திக்கு அவன் இனிப் பதில் தருவதாயில்லை; கூப்பிட்டு ‘ஒன்றுமில்லை, நான்தான் நிறுத்தினேன்’ என்று குரலில் சொல்லவும் முடியாது. அதற்குப் பிறகும் செயலி இணையாவிட்டால், அந்தக் கறுப்புத் திரைதான் அவனிடம் மிஞ்சும். எனக்கு அது சரியாக வரும் என்று தொண்ணூறு வீதம் நம்பிக்கை இருந்தது. மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

நான் தயங்குவதைப் பார்த்த சோதிலிங்கம் அண்ணை, “பொறுங்கோ” என்றார்.

கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார். மனைவி ஓடிவந்து தாங்கினார். அவர் மெல்லத் திரும்பி மூலையில் இருந்த கமராவுக்கு முகத்தைக் காட்டி நின்றார். பிறகு மனைவியின் பிடியிலிருந்து தன் கைகளை விடுவித்துக்கொண்டார்.

முதலில் ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மகன் கவனிக்கிறானா என்று பார்ப்பதுபோல வைத்திருந்தார். பிறகு இரண்டு கைகளும் அசைந்தன. எதையோ இழுத்துச் சுற்றிக் கட்டினார், ஒன்றை அறுத்துவிட்டார், உள்ளங்கையை வள்ளம்போலக் குவித்து ஒரு பெரிய வளைவில் கொண்டுபோய்க் கணினித் திரையைத் தொட்டார். நின்றபடியே ஆடிய அந்த உடம்பில் கைகள் மட்டும் ஆடவில்லை. அந்தக் கமராவால் பதில் எதுவும் கொண்டுவர முடியாது. மகன் எப்படிப் பார்க்கிறான், அழுகிறானா, இல்லை என்று தலையாட்டுகிறானா என்று ஒன்றும் அவருக்குத் தெரியாது. சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலத்தான். என்றாலும் எதிரே மகனே நிற்பதுபோல ஒவ்வொன்றையும் முடித்து, இடைவெளி விட்டு, அடுத்ததைச் சொன்னார்.

வதனி என் காதோடு சொன்னாள். “இந்தக் கயித்தை அறுத்துவிடு எண்டு சொல்லுறார். சுத்தி மற்றப் பக்கத்தாலை வா, நான் அங்கை நிக்கிறன் எண்டுறார்.”

சோதிலிங்கம் அண்ணை கையை இறக்கினார். வதனியின் தொலைபேசி அதிர்ந்தது. ‘சரி’ என்று ஒரு சொல்.

நான் பிளக்கை இழுத்தேன்.

ரவுட்டரின் விளக்கு அடங்கியது. கணினியில் அழைப்பை அழுத்தினோம். பிழைச் செய்தி வரவில்லை. வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு ரூபனுடைய முகம் வந்தது. தாடி வளர்ந்த, நித்திரையில்லாத முகம். தாய் ஒரு சத்தம் போட்டார். அடுத்த கணமே அந்த முகம் அப்படியே உறைந்து, கட்டம் கட்டமாக உடைந்து போய்விட்டது. ‘இணைப்பு பலவீனம். படம் நிறுத்தப்பட்டது, குரல் தொடர்கிறது’ என்று திரையில் எழுத்து வந்தது.

அன்று கடற்காற்று பலம். அந்தப் பக்கத்துக் கம்பியில்லா இணைப்புகள் காற்றுக்கு ஆடும் என்பது எனக்குத் தெரியும். அதைத் திருத்த நேரமில்லை. குரல் தெளிவாக வந்தது. குரல் என்று சொன்னாலும் அது ஒரு அறையின் சத்தம். கதிரை நகர்வதும் ஒருவன் வேகமாக மூச்சுவிடுவதும் கேட்டது. தன் மூச்சு இங்கே கேட்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

இணைப்பு மெலிந்தால் இந்தச் செயலிகள் குரலைக் காப்பாற்றிப் படத்தை விட்டுவிடும். அப்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். எத்தனையோ வீடுகளில், குரல் வருகிறதா, அது போதும், படம் பிறகு வரும் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அன்றும் என் வாயில் அது வந்துவிட்டது.

“குரல் எங்களுக்கு என்னத்துக்கு ஐயா?” என்றாள் வதனி. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சிக் கேட்டாள்.

அதைக் கேட்டதும் என் தலைக்குள் ஏதோ இடம் மாறியது. அவள் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள், அங்கேயும் இங்கேயும் ஒலியை முழுவதாக நிறுத்தினோம். அதன் பிறகு படத்தின் தரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன். முகம் தெளிவாகத் தெரிய வேண்டியதில்லை, கை அசைவது அறுபடாமல் தெரிந்தால் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திரை மங்கிப்போய் மழைக்குள்ளால் பார்ப்பதுபோல ஆனது. ஆனால் அந்த மங்கலுக்குள் ஒரு கை உயர்ந்தது. உறையவில்லை. முழுவதாக உயர்ந்து, முழுவதாக இறங்கியது.

சோதிலிங்கம் அண்ணையும் கையை உயர்த்தினார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை எப்படிச் சொல்வதென்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. சத்தமே இல்லை. வெளியே காற்றில் தென்னோலை அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். தகப்பனின் கைகள் பெரியவை, வலையிழுத்துத் தடித்த விரல்கள். மகனின் கைகள் திரையில் மங்கலான இரண்டு நிழல்கள். அவை ஒன்றையொன்று கேட்டன, மறித்தன, முந்திக்கொண்டன, ஒரு முறை சிரித்தன என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இருவருடைய தோளும் ஒரே நேரத்தில் குலுங்கியது. அங்கே என்ன மீன் வெட்டுகிறாய் என்று தகப்பன் கேட்டிருக்கிறார், அவன் அதன் நீளத்தைக் காட்ட, அவர் நம்பவில்லை.

பிறகு ரூபன் ஒரு கேள்வி கேட்டான். பயமாக இருக்கிறதா என்று கேட்கிறான் என்று வதனி சொன்னாள். தகப்பன் உள்ளங்கையைக் கவிழ்த்து, மேலும் கீழுமாகப் பெரிதாக அசைத்தார். அதன் பிறகு விரல்களைத் தன் முதுகுப் பக்கமிருந்து முன்னால் வீசினார்.

“கடல் கொஞ்சம் பெரிசாம்,” என்றாள் வதனி. “ஆனால் காத்து எங்கடை பக்கமாம்.”

அதற்குப் பிறகு அவள் எனக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. சுவரோடு ஒதுங்கி நின்றேன். வருடக்கணக்காக நான் பூட்டிய கம்பிகளுக்குள்ளால் என்ன போகிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அது எனக்கு வேகம், தூரம், விளக்கின் நிறம். அன்று ஒரு கிழவனுடைய கை அசைவு நொறுங்கித் துகள்களாகி, இந்த மணல் கரையிலிருந்து கிளம்பி, கடல்களுக்கு அடியால் போய், பனி கொட்டும் ஊரொன்றில் மறுபடி கையாகச் சேர்வதை என் கண்ணால் கண்டேன். சேர்ந்தது மட்டுமல்ல, அங்கே ஒருவன் அதை விளங்கிக்கொண்டு தலையசைத்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது வரும் சிலிர்ப்பு எனக்குத் தெரியும். இது அதற்குக் குறைந்ததல்ல.

வான்காரர் மூன்றாம் தரம் வாசலுக்கு வந்தார். உள்ளே பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

கடைசியில் தகப்பன்தான் நிறுத்தினார். உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மகனும் தூக்கிப் பிடித்தான். காற்றெழும்பின கடலில் இரண்டு வள்ளங்கள் பிரிந்து போகும்போது அப்படித்தான் காட்டுவார்களாம். இருவரும் கையை இறக்கவில்லை. வதனிதான் மெதுவாக அழைப்பை முடித்தாள்.

அவர் பிழைத்து வந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மிச்சத்தைக் கேட்கமாட்டீர்கள். நெஞ்சில் நீளத் தழும்போடு வந்தார். கடலுக்குப் போகக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் ஊரில் சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு ரூபன் வந்து போனான் என்று கேள்விப்பட்டேன். கமராக்களுக்கென்று தனியாக ஒரு இணைப்பை நான் போட்டுக் கொடுத்தேன்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். திரையில் வரும் பிழைச் செய்தி பொய் சொல்வதில்லை, ஆனால் அது அந்த வீட்டைப் பார்த்ததில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். எது போய்ச் சேர வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் கேளுங்கள், சில வீடுகளில் நீங்கள் நினைக்காத ஒன்றாக அது இருக்கும். எதையாவது நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மறு கரையில் இருப்பவனுக்கு முதலில் தெரியப்படுத்துங்கள். அதற்கு நேரமில்லை என்று தோன்றும். நெஞ்சு நின்றுபோகக்கூடிய ஒரு மனிதர் அதற்கு நேரம் எடுத்ததை நான் பார்த்தேன்.

அன்று அவரை வானில் ஏற்றினோம். தாயிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு வதனியும் கூட ஏறினாள், தாய் வீட்டில் நின்றார். வான் வாசல் கேற்றைத் தாண்டும்போது சோதிலிங்கம் அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக் கைகளை அசைத்தார். ஒரு முறை அல்ல, திருப்பித் திருப்பி, அழுத்தமாக. எனக்குக் காது கேட்கும், வாயால் சொல்லியிருக்கலாம் என்பதை அவர் மறந்துபோனார் போல. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிதாக ஏதோ சொல்கிறார், நன்றியோ, ஆசீர்வாதமோ என்று நினைத்து இரண்டு கையையும் கூப்பினேன். வான் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வெறும் வயித்தோடை உங்களை அனுப்பவேண்டாமாம்,” என்றார். “வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்.”